கத்தரிக்காயும் பெயரிடும் அதிகாரமும்

கத்தரிக்காய்க்கு ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஔவையார் பேரில் வழங்கும் தனிப்பாடலில் வரகுச் சோற்றோடு வருகிற வழுதுணங்காயை எம்.ஏ. வகுப்பில் உரையோடு சொல்லிக்கொடுத்தார்கள். அதே காய் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் சோதனைக்கூடத்துக்குள் போய் என்னவாயிற்று என்பது தமிழ் படித்தவனுக்கு வேண்டாத விஷயம் என்று முடிவு செய்துவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பி.டி. கத்தரி பற்றிய விவாதம் இரண்டு கேள்விகளுக்குள் அடைபட்டுப் போனது. தின்றால் கெடுதலா? பன்னாட்டுக் கம்பெனியின் சதியா? இரண்டும் கேட்க வேண்டியவைதாம். ஆனால் இந்தச் சொல்லாடலில் புழங்கிய பெயர்களை யாரும் வாசிக்கவில்லை. நான் வாசிக்க விரும்புவது அவற்றைத்தான்.

முதலில் அந்த நுண்ணுயிர். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் பட்டுப்புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். 1911இல் ஜெர்மனியில் பெர்லினர் அதை மாவுப்பூச்சியின் புழுவில் கண்டு, அது கிடைத்த துரிங்கியா மாகாணத்தின் பேரையே வைத்தார். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். நம்மூர் வழக்கில் சொன்னால் 'துரிங்கியாக்காரன்'. அது உண்டாக்கும் ஒருவகைப் புரதம் புழுவின் குடலில் கரைந்து குடற்சுவரை ஓட்டையாக்குகிறது. அந்தப் புரதத்துக்குரிய மரபணுவைக் கத்தரிச் செடிக்குள் வைத்துவிட்டால், தண்டையும் காயையும் துளைக்கிற புழு கடித்த கடியிலேயே சாகும். மருந்தடிக்கிற செலவு குறையும். இதைப் பொய் என்று தள்ளுபவர்கள் ஒருநாள் கத்தரித் தோட்டத்தில் முதுகில் ஸ்பிரேயரோடு நின்று பார்க்கலாம்.

அடுத்து, மரபணுவை ஏற்ற வகைகள். 2005இல் மஹிகோ நிறுவனம் அமெரிக்க அரசு உதவியில் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்திய ஒரு திட்டத்தின் வழியாகத் தன் தொழில்நுட்பத்தைக் கோவைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. தார்வாடுக்கும் கொடுத்தது. மஹிகோவில் மான்சான்டோவுக்கு 26 சதவீதப் பங்கு இருந்தது. கோவையில் எடுத்துக்கொண்டவை கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1. கோவை, மதுரை, கிள்ளிகுளம், பாலூர். ஊர்ப்பெயர்கள்தாம், உயிரெழுத்துகளைப் பறிகொடுத்த ஊர்ப்பெயர்கள். இதற்கும் முன்னால் போனால், குடியானவர்கள் வரிக்கத்தரி என்று அழைத்ததிலிருந்து தெரிந்தெடுத்ததுதான் கோ 2. மதுரைப் பக்கத்துக் கள்ளம்பட்டிக் காயிலிருந்து வந்தது எம்.டி.யு. 1. வரிக்கத்தரி பண்பால் வந்த காரணப்பெயர். கள்ளம்பட்டி இடப்பெயர். இவற்றை எண்ணாக்கியது மான்சான்டோ அல்ல. நம் வரிப்பணத்தில் நடக்கிற, நாம் மதிக்கிற பொதுப் பல்கலைக்கழகம். கம்பெனி வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது.

மீதிப் பாதியைச் செய்தது இ.இ.-1. மரபணு செடிக்குள் போய் உட்கார்ந்த அந்த ஒரு தடவையை அறிவியலார் 'நிகழ்வு' என்கிறார்கள். ஊர் இல்லை, செய்த ஆள் இல்லை, நிறமும் வரியும் இல்லை, வெறும் நிகழ்வு. இந்தப் பெயரில்தான் கோப்பு தில்லிக்குப் போனது. 2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு ஒப்புதலும் தந்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். கூச்சலும் குழப்பமுமாகத்தான் நடந்தன, நடந்தவரை நல்லது. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. நாலு வகைகளைக் கொடுத்த நாடு! 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைப்பு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு குழுவின் பெயரில் 'ஒப்புதல்' போய் 'மதிப்பீடு' வந்தது. ஒரு சொல்லை மாற்றினால் அதிகாரமே இடம் மாறும் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. இலக்கிய விமர்சகர்களுக்குத்தான் சந்தேகம்.

பெயர் வெறும் பெயர்தானே என்று கேட்கலாம். இல்லை. 2002இன் பல்லுயிர்ச் சட்டம், உள்ளூர் உயிர்வளத்தை எடுப்பதற்கு ஆணையம் அனுமதி தருமுன் அந்த ஊர்க் குழுவைக் கலந்து பேச வேண்டும் என்றது. அந்நியப் பங்கு உள்ள நிறுவனம் ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும் என்றது. சென்னையிலேயே இருக்கிற தேசிய ஆணையம் இதை மீறியதாகச் சொல்லி 2011இல் சட்ட நடவடிக்கைக்கு முடிவெடுத்தது. சரி, கள்ளம்பட்டி என்று எழுதியிருந்தால் கள்ளம்பட்டியைக் கேட்கலாம். எம்.டி.யு. 1 என்று எழுதியிருந்தால் யாரைக் கேட்பது? இ.இ.-1 என்றால்?

விதையை வருஷாவருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற குற்றச்சாட்டு மஹிகோ தனக்கென வைத்துக்கொண்ட வீரிய ஒட்டுக்குப் பொருந்தும், கோவை வகைகளுக்குப் பொருந்தாது. அவற்றின் விதையை எடுத்துவைத்து மறுபடி விதைத்திருக்கலாம். நம் தோழர்கள் மேடையில் இதைப் பிரித்துச் சொல்லவில்லை. விதை கையில் இருக்கும், பெயர் கையில் இருக்காது. இந்த நிலைக்கு அவர்களிடம் ஒரு சொல்லும் இல்லாமல் போனது.

முத்தினால் கடைத்தெருவுக்கு வரும் என்பார்கள். இங்கே அனுமதியோடு வராதது வங்கதேசத்தில் வந்தது. 2013இல் அனுமதி, 2014 ஜனவரியில் இருபது விவசாயிகளுக்கு நாற்று. உத்தரா, காஜ்லா, நயன்தாரா என்று அங்கே காய்களுக்குப் பெயர். அவை பாரி பி.டி. பேகுன் 1, 2, 3 ஆயின. நாலாவதன் பழைய பெயர் ஐ.எஸ்.டி. 006. அது முன்பே எண்தான்.