பெயர் நீக்கப்பட்ட நோயாளிகள்

பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஏடுகளில் 300 வயதைக் கடந்த மனிதர்கள் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். வேறு சிலர் அடுத்த நூற்றாண்டில் நோயுற்று, அந்த நூற்றாண்டிலேயே இறந்தும் போயிருக்கிறார்கள். இவை எழுத்தரின் பிழைகள் அல்ல. நோயாளி இன்னார் என்று எவரும் அறிந்துவிடாதபடி வேண்டுமென்றே செய்யப்பட்ட மறைப்புகள். பல நாடுகளின் மருத்துவ மாணவர்கள் இன்று இவ்வேடுகளைக் கொண்டே ஆய்வு பழகுகின்றனர். தாம் கண்டிராத, பெயரறியாத மனிதரின் நோயை அவர்கள் படிக்கிறார்கள். இந்நிலைக்கு மருத்துவம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைச் சற்றே பின்னோக்கிச் சென்று காண்போம்.

ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன், பாரிஸ் நகரில் பியர் லூயி என்ற மருத்துவர் வாழ்ந்தார். நோயாளியின் உடலிலிருந்து குருதி வடிப்பதே நிமோனியாவுக்கு நல்ல மருந்து என்று அனைவரும் நம்பிய காலம் அது. லூயி அந்நம்பிக்கையோடு வாதிடவில்லை, எண்ணத் தொடங்கினார். எவருக்கு நோயின் எந்நாளில் குருதி வடித்தார்கள், எவர் பிழைத்தார், எவர் இறந்தார் என்று குறித்து வைத்தார். குருதி வடித்தலின் பயன் மக்கள் எண்ணியதைவிட மிகவும் சொற்பமே என்பதை 1835-இல் நூலாகவே வெளியிட்டார். அவரிடம் பயில அமெரிக்க இளைஞர்கள் கடல் கடந்து வந்தனர். பாஸ்டனைச் சேர்ந்த ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவர்களுள் ஒருவர். நோயாளியின் படுக்கையருகே நின்று எண்ணும் இக்கலை அவர்களோடு பாஸ்டனுக்குக் கப்பலேறியது.

அதே நகரில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எர்னெஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் இன்னொரு படி மேலே சென்றார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. ஓராண்டு கழித்தும் அவர் நலமா என்று விசாரித்து அதில் எழுதவேண்டும். நலமில்லை எனில், ஏன் என்றும் எழுதவேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை உடன் மருத்துவர்கள் விரும்பவில்லை. எவர்தாம் விரும்புவார்? காட்மன் 1914-இல் தம் பெரிய மருத்துவமனைப் பதவியைத் துறந்தார். ஏற்கெனவே தாம் தொடங்கியிருந்த சிறு மருத்துவமனையிலிருந்து 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 பேரைப் பற்றி எழுதி, அவர்களது சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளையும் தாமே அச்சிட்டு வெளியிட்டார். காட்மனின் அட்டை நோயாளியைப் பெயரோடு அறிந்திருந்தது. ஓராண்டு கழித்தும் அவரைத் தேடிச் சென்றது. இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

பின்னர் கணினி வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையாரும் இணைந்து, அங்குள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளைத் திரட்டினர். 'மிமிக்' எனப்படும் அத்திரட்டின் மூன்றாம் பதிப்பு 2016-இல் விளக்கக் கட்டுரையோடு உலகிற்கு அறிமுகமாயிற்று. 2001 முதல் 2012 வரை அங்கே சிகிச்சை பெற்ற 40,000-க்கு மேற்பட்டோரின் நாடித் துடிப்பும், இரத்தப் பரிசோதனையும், மருந்தும், செவிலியர் குறிப்பும் அதில் உள்ளன. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டன. தேதிகள் யாவும் 2100-க்கும் 2200-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்குத் தள்ளப்பட்டன. ஆனால் ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளும் ஒரே அளவில் தள்ளப்பட்டதால், காய்ச்சல் கண்டதற்கும் மருந்து கொடுத்ததற்கும் இடையிலான நேரம் மாறவில்லை. 89 வயதைக் கடந்தோர் ஓர் ஊரில் சிலரே இருப்பர். எளிதில் அடையாளம் தெரிந்துவிடும். ஆகவே அவர்களுக்கு 300-க்கு மேல் வயது ஏற்றப்பட்டது.

இத்துணைக் கவலை ஏன் என்று வாசகர் கேட்கலாம். இதற்கு விடை தந்தவரும் ஒரு மாணவியே. 1990-களின் நடுவில், மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியரின் மருத்துவப் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டு ஆய்வாளருக்கு வழங்கப்பட்டன. எவருடைய அந்தரங்கமும் வெளியாகாது என்று ஆளுநர் வில்லியம் வெல்டு உறுதி கூறினார். அவரே 1996 மே மாதத்தில் ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் மயங்கி விழுந்து மருத்துவமனை சென்றவர். கணினியியல் பயின்றுகொண்டிருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். ஆளுநரின் பிறந்த நாளில் பிறந்தோர் அதில் ஆறு பேர். அவர்களுள் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வாழ்ந்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவுகள் ஆளுநரின் அலுவலகத்திற்கே தபாலில் சென்று சேர்ந்தன! அமெரிக்காவில் 2003-இல் நடைமுறைக்கு வந்த அந்தரங்கக் காப்பு விதிகள், நீக்கவேண்டிய அடையாளங்களாகப் பதினெட்டைக் குறிப்பிடுகின்றன. ஸ்வீனியின் அந்த 20 டாலர் அவ்விதிகளில் வேலை செய்திருக்கிறது.

மிமிக் ஏடுகளைத் திறக்கும் மாணவர், மனிதரைக் குறித்த ஆய்வின் நெறிகளை ஒரு பாடமாகப் பயின்று சான்று பெறவேண்டும். அடையாளம் காண முயல்வதில்லை என ஒப்பந்தத்தில் கையெழுத்திடவேண்டும். தம்மை அறிந்த மேற்பார்வையாளரின் பெயரையும் தரவேண்டும். கட்டணம் இல்லை. பெரிய மருத்துவமனையோ ஆய்வுக்கூடமோ இல்லாத நாட்டு மாணவருக்கு இது பெருங்கொடை என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும் ஒன்று உறுத்துகிறது. அந்த 40,000 பேரிடமும் எவரும் கேட்கவில்லை. சிகிச்சைக்கு இடையூறில்லை, அடையாளமும் நீக்கப்பட்டது, எனவே தனித்தனி ஒப்புதல் தேவையில்லை என்று நெறிக்குழுக்கள் முடிவு செய்தன. முடிவில் நாம் குறை காணவில்லை. மயங்கிக் கிடப்போரிடமும் இறந்தோரிடமும் எப்படிக் கேட்பது? ஆயினும் கேளாமல் பெற்றுக்கொண்டது கடனே அன்றிச் சொந்தமாகாது. திருமுழுக்கு ஏட்டிலும் அடக்க ஏட்டிலும் பெயரை முதலில் எழுதிப் பழகிய நமக்கு, பெயரற்ற ஏடு கூடுதலாகவே உறுத்துகிறது போலும்.

அக்கடன் தீர்க்கப்பட்ட தருணமும் உண்டு. மிமிக்கைப் போலவே உருவாக்கப்பட்ட மற்றொரு திரட்டு, 178 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பதிவுகளை மிச்சிகன் மருத்துவர்களுக்குத் தந்தது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டிய அளவையும், குருதியை எடுத்துச் சோதித்துக் கண்ட அளவையும் அவர்கள் ஒப்பிட்டனர். கருவி 92 முதல் 96 விழுக்காடு ஆக்ஸிஜன் காட்டியபோது, உண்மையில் 88 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கியிருந்த தருணங்கள் வெள்ளை இனத்தாரிடம் 6.2 விழுக்காடு, கறுப்பினத்தாரிடம் 17. மூச்சுத் திணறும் மனிதரைக் கருவி நலமென்று சொல்லியிருக்கிறது. 2020 டிசம்பரில் இது வெளியாயிற்று. கொரோனா பெருந்தொற்றில் உலகமே அக்கருவியை நம்பிக்கொண்டிருந்த வேளை. 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. பல்வேறு தோல் நிறத்தாரிடமும் கருவியைச் சோதிக்கவேண்டும் என்னும் வரைவு வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் வந்தது. கருவி பொய் சொன்ன அந்த நோயாளிகளைத் தேடிச் சென்று செய்தி சொல்ல வழியில்லை. அவர்கள் பெயர் எங்கும் இல்லை.