பப்பாளியைக் காத்த பகுத்தறிவு

பண்டை ரோமானியர் ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் ஒரு விழா எடுத்தனர். கோதுமைப் பயிரைத் துருநோய் தீண்டாதிருக்க வேண்டுமென்று ரோபிகஸ் எனும் தெய்வத்திற்கு நாயைப் பலியிட்டனர். நாய் மாண்டது, நோய் மாளவில்லை! பயிரைக் கெடுப்பது பூஞ்சை என நுண்ணோக்கி காட்டிய பின்னரே அதனை எதிர்க்கும் வழி பிறந்தது. காரணம் அறியாதவன் காணிக்கை செலுத்துகிறான். காரணம் அறிந்தவன் கருவி செய்கிறான்.

இவ்வுண்மையை நம் காலத்தில் மெய்ப்பித்த வரலாறு ஒன்றுண்டு, தோழர்களே! பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்தது அது.

1940-களில் அங்கே ஓவாஹுத் தீவின் பப்பாளித் தோட்டங்களில் வளையப்புள்ளி நோய் புகுந்தது. இலை வெளிறிற்று, காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்தது, மரம் குன்றிற்று. அசுவினிப் பூச்சி சுமந்து திரியும் வைரஸே காரணம். அதனைக் கொல்லும் மருந்தில்லை. எனவே, பப்பாளிச் சாகுபடி மற்றொரு தீவின் புனாப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பல ஆண்டுகள் அமைதி. 1992-இல் நோய் அங்கும் வந்து சேர்ந்தது. ஹவாயின் பப்பாளியில் 95 விழுக்காடு அப்போது விளைந்தது புனாவிலேதான். இனி ஓட இடமேது?

நல்வாய்ப்பாக, வருமுன் காக்க முனைந்தோர் இருந்தனர். ஹவாயில் கரும்புத் தோட்டச் சூழலில் வளர்ந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக உயர்ந்த டென்னிஸ் கான்சால்வ்ஸ், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மான்ஷார்ட், மோரீன் ஃபிட்ச் முதலியோருடன் சேர்ந்து 1980-களிலேயே பணியைத் தொடங்கிவிட்டார்.

அவர்கள் செய்தது யாது? வைரஸின் மேலுறைப் புரதத்திற்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தனர். நுண்ணிய உலோகத் துகள்களில் அதனைப் பூசி, மரபணுத் துப்பாக்கியால் பப்பாளியின் கருத்திசுவிற்குள் செலுத்தினர். அத்திசுவிலிருந்து மரத்தை வளர்த்தனர். வைரஸ் நுழைந்ததும் அதன் ஆர்.என்.ஏ.வை அடையாளங் கண்டு துண்டாடும் ஆற்றல் அம்மரத்தின் செல்களுக்குக் கிட்டிற்று. 1995-இல் புனாவில் நடந்த வயலாய்வில் பழைய மரங்கள் பட்டு நிற்க, புதிய மரங்கள் பசுமை பொங்க நின்றன!

அரசுத் துறைகளின் ஆய்வுக்குப் பின், 1998 மே மாதம் 'ரெயின்போ' விதை உழவர் கைக்கு வந்தது. விலை என்ன தெரியுமா? விலையே இல்லை! காப்புரிமை பெற்றிருந்தோரிடம் உழவர் குழு உரிமம் பெற்று, விதையை இலவசமாக வழங்கிற்று. புனாவின் விளைச்சல் 1992-இல் ஏறத்தாழ 5 கோடியே 30 லட்சம் பவுண்டு; 1998-இல் அது 2 கோடியே 70 லட்சமாகச் சரிந்திருந்தது; 2001-இல் 4 கோடியாக நிமிர்ந்தது.

இதனை அற்புதம் என்று ஆராதிக்கவும் வேண்டா. ரெயின்போ ஹவாய் வைரஸை எதிர்க்கும். பிற நாடுகளின் வைரஸ் வகைகள் பலவற்றுக்கு அது பணிந்துவிடும். மரபணு மாற்றத்தை விரும்பாத உழவனின் தோட்டத்தில் மகரந்தம் கலக்குமே என்ற கவலையும் நியாயமானது. ஜப்பான் 2011-இல்தான் அப்பழத்தை ஏற்றது.

மரபணு என்றதும் மருண்டு ஓடுவோர் உளர். விளம்பரத்தை வேதமாகக் கொள்வோரும் உளர். இருவரும் கேள்வி கேட்க மறந்தவர்களே! எந்த மரபணு மாற்றப்பட்டது? யார், எவ்வளவு காலம் ஆய்ந்தனர்? விதை யாருக்குச் சொந்தம்? ஒவ்வொரு புதுப்பயிரிடமும் இம்மூன்றையும் கேளுங்கள். முதல் இரண்டுக்கு ஆய்வுக்கூடம் விடை தரும். மூன்றாவதற்கு விடை காண வேண்டியது சமுதாயம். புனாவின் உழவர்கள் அவ்விடையையும் போராடிப் பெற்றதனால்தான், அறிவியலின் கனி அவர்கள் கையில் விழுந்தது.