பன்னாட்டுக் காவலர் சங்கம்

காவல்துறையினருக்கான உலகளாவிய நட்புறவுச் சங்கம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் காவல்துறையில் சார்ஜெண்டாக இருந்த ஆர்தர் ட்ரூப், 1948-இல் ‘போலீஸ் ரிவ்யூ’ இதழில் புனைபெயரில் எழுதிய கட்டுரையே இதற்கு வித்து. சங்கம் 1950 ஜனவரி 1 அன்று பிறந்தது. இரண்டாம் உலகப் போரின் காயம் ஆறாத அந்நாளில், பகை நாட்டுக் காவலரையும் தோழராக ஏற்கும் எண்ணம் துணிச்சலானதுதான். ‘நட்பின் வழி சேவை’ என்னும் பொருள்படும் முழக்கம் எஸ்பெராண்டோ மொழியில் அமைந்தது.

பணியில் உள்ளோரும் ஓய்வு பெற்றோரும் சேரலாம். பதவியின் உயர்வு தாழ்வு இங்கே செல்லாது. கான்ஸ்டபிளும் கமிஷனரும் சம உறுப்பினர்கள். இது தொழிற்சங்கமன்று, அரசியல் சார்பும் கிடையாது.

ஒவ்வொரு நாட்டுப் பிரிவும் தன் நிர்வாகக் குழுவையும் சந்தாவையும் தானே கவனிக்கிறது. அவற்றுக்கு மேல் பன்னாட்டு நிர்வாகக் குழு உண்டு. ஆண்டுதோறும் உலக மாநாடு கூடுகிறது. அயல்நாடு செல்லும் உறுப்பினர் குறைந்த வாடகையில் தங்கச் சில நாடுகளில் சங்க விடுதிகள் இருக்கின்றன. சங்கத்தின் மிகச் சிறந்த பணி கல்விதான்: ஜெர்மனியின் கிம்போர்ன் கோட்டை மாளிகையில் 1969-இல் காவலர்களுக்கான கருத்தரங்குகள் தொடங்கின. ட்ரூப் 2000-இல் காலமானார். அவர் பெயரில் உதவித்தொகையும் வழங்கப்படுகிறது.