பரங்கிமலைச் சங்கிலியும் ஓடுகிறவர் கை வாட்சும்



விடியற்காலை 5 மணிக்கு மெரினா பக்கமோ பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கமோ போய்ப் பாருங்கள். ஓடுகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஜிபிஎஸ் வாட்ச் இருக்கும். "எந்த வாட்ச் வாங்கலாம் சார்?" என்று என்னிடமும் சிலர் கேட்டார்கள். கடைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு கேளுங்கள். அந்த வாட்ச் செய்யும் இரண்டு வேலைகள், அதாவது நேரம் அளப்பதும் தூரம் அளப்பதும், நம் சென்னைக்கு மிகப் பழைய வேலைகள்.

முதலில் நேரம். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. 1802-இல் அங்கிருந்த கோல்டிங்ஹாம், மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணித்து நேரத்தை நிர்ணயித்தார். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். நாம் இருப்பது 80 பாகை கிழக்குக்குச் சற்று மேலே. பெருக்கிப் பாருங்கள், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் வரும். அதுதான் 'மெட்ராஸ் நேரம்'. பின்னாளில் இந்திய ரயில்களும் அந்த நேரப்படியே ஓடின. 1906 ஜனவரி 1 முதல்தான் இன்றைய ஐந்தரை மணிக் கணக்கு வந்தது.

அடுத்தது தூரம். அதே 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து நிலத்தை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் பக்கம் வரை சுமார் ஏழரை மைல். அதை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. இந்தியா முழுவதையும் அளந்த பெரிய முக்கோண அளவைக்கு அதுவே முதல் அடிக்கோடு. இன்று சுமாராக ஓடுகிறவரே அந்தத் தூரத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடுவார்.

லாம்டன் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியோடு வெப்பமானிகளையும் வைத்து, சூட்டுக்குத் தகுந்தபடி கணக்கைத் திருத்தினார். நம் ஊர் வெயிலை அவர் மறக்கவில்லை.

இனி வாட்சுக்கு வருவோம். நம் வீடுகளில் இருந்த எச்.எம்.டி. வாட்ச் மணி மட்டும்தான் காட்டும். 1982-இல் பின்லாந்தின் போலார் நிறுவனம், மார்பில் கட்டும் பட்டையிலிருந்து கம்பியில்லாமல் இதயத் துடிப்பைக் கைக்கு அனுப்பும் கருவியைக் கொண்டுவந்தது. அமெரிக்க அரசு 2000 மே மாதம், ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. 2003-இல் கார்மின் நிறுவனத்தின் 'ஃபோர்ரன்னர்' வந்தது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து சமிக்ஞை வந்து சேரும் நேரத்தை வைத்தே அது இடத்தைக் கணிக்கிறது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 300 மீட்டர் தவறிவிடும். நேரம் தெரிந்தால்தான் இடம் தெரியும். நுங்கம்பாக்கத்தில் நடந்ததும் அதேதான்.

சரி, எதை வாங்குவது? தி.நகர் கடைக்காரர் நூறு வசதி சொல்வார். நீங்கள் நான்கை மட்டும் பாருங்கள். ஜிபிஎஸ் ஓடும்போது பேட்டரி உங்கள் மாரத்தான் நேரத்தைவிட இரண்டு மடங்காவது நிற்க வேண்டும். வெயிலில் எழுத்து தெரிய வேண்டும். வியர்வை விரலுக்குத் தொடுதிரை சரிப்படாது, பொத்தான் வேண்டும். மார்புப் பட்டையை இணைக்க வழி இருக்க வேண்டும். கையில் வெளிச்சம் பாய்ச்சித் துடிப்பு பார்க்கும் முறை, ஸ்ட்ராப் தளர்ந்தால் தப்பாகக் காட்டும்.

வாங்கிய பின்: திறந்த வெளியில் நின்று, செயற்கைக்கோள் பிடித்த பிறகு கிளம்புங்கள். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் பாலத்துக்கு அடியில் ஓடினால் தூரம் கூடக்குறையக் காட்டும். போட்டியில் 42.195 கிலோமீட்டரை மிகக் குறுகிய வழியில்தான் அளந்திருப்பார்கள். நாம் வளைந்து ஓடுவதால் வாட்சில் 42.7 கூட வரலாம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று வாட்சை நம்பி ஓடினால், 4 மணி 13 நிமிடத்தில் முடிய வேண்டியது 4 மணி 16 ஆகிவிடும். சாலையோர கிலோமீட்டர் பலகையைப் பார்த்து நீங்களே பொத்தானை அழுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. சென்னைப் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடம்பு குளிராது. டிசம்பரில் ஓடிய அதே வேகத்துக்கு மே மாதத்தில் இதயம் கூடுதலாக அடிக்கும். அப்போது வேகத்தைக் குறைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. '220 கழித்தல் வயது' என்பதும் சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ, வாட்ச் என்ன காட்டினாலும் உடனே நின்றுவிடுங்கள். என் வயதுக்காரர்களுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன்.

1978-இல் ஜலந்தரில் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடினார். பெரும்பாலும் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் அவர். 40 ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சாதனையை எந்த இந்தியரும் தாண்டவில்லை. அன்று ஜிபிஎஸ் வாட்சே கிடையாது. ஆகவே வாட்ச் நம்மை ஓட வைக்காது, அளந்து மட்டும் காட்டும். லாம்டன் சங்கிலிக்குச் செய்த வெயில் திருத்தத்தை நம் உடம்புக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஓடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எந்த வாட்ச் கட்டுகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.