தராசுத் தட்டில் ஏறிய புரதம்

நிறை நிறமாலைமானி என்பது மூலக்கூறுகளை எடைபோடும் கருவி. ஆயினும், எடைபோடப்படும் மூலக்கூறு முதலில் வாயு நிலைக்கு வந்து, மின்னூட்டம் ஏறிய துகளாக, அதாவது அயனியாக மாறியாக வேண்டும். அதன் பின்னரே மின்புலமும் காந்தப்புலமும் அதை நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதப்படி பிரித்துக் காட்டும். 1919இல் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன் அமைத்த கருவி தனிமங்களின் ஐசோடோப்புகளைப் பிரித்தறிந்தது. பின்னர் எலக்ட்ரான்களை மோதவிடும் முறை சிறிய கரிமச் சேர்மங்களுக்கும் வழி திறந்தது. புரதங்களோ ஆவியாகும் முன்பே வெப்பத்தில் சிதைந்தன. தராசு ஆயத்தமாக இருந்தும், பண்டத்தை உடையாமல் தட்டில் ஏற்றும் வழி பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை.

முதல் வழி திரவத்திலிருந்து பிறந்தது. கரைசலை நுண்ணிய ஊசிமுனை வழியே உயர் மின்னழுத்தத்தில் தெளித்தால், ஒவ்வொரு துளியும் உலர உலர அதன் மின்னூட்டம் நெருக்குண்டு, துளி மேலும் சிறு துளிகளாகப் பிளந்து, முடிவில் மூலக்கூறு மட்டும் மின்னூட்டத்தோடு எஞ்சும் என்ற கருத்தை 1968இல் அமெரிக்காவின் மால்கம் டோல் சோதித்தார். அதனை 1980களில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபென் புரதங்களுக்கு உரிய 'மின்தெளிப்பு அயனியாக்கம்' என்னும் முறையாக வளர்த்தெடுத்தார். இம்முறையில் ஒரே புரதம் பல மின்னூட்டங்களை ஏற்பதால், 20,000 டால்டன் நிறையுள்ள மூலக்கூறு 20 மின்னூட்டங்களோடு வரும்போது ஏறத்தாழ 1,000 என்ற அளவிலேயே பதிவாகி, சாதாரணக் கருவியின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது வழி ஒரு பிழையிலிருந்து பிறந்தது. கியோட்டோவின் ஷிமாட்சு நிறுவனத்தில் பணியாற்றிய மின்பொறியாளர் கொய்ச்சி தனாகா, 1985 பிப்ரவரியில், நுண்ணிய கோபால்ட் தூளில் அசிட்டோனுக்குப் பதிலாகக் கிளிசரினைத் தவறுதலாகக் கலந்துவிட்டார். விலையுயர்ந்த தூளை வீணாக்க மனமின்றி அக்கலவையின்மீதே லேசரைப் பாய்ச்சியபோது, அதில் இருந்த வைட்டமின் பி12 சிதையாமல் அயனியானதைக் கண்டார். தூள் லேசரின் ஆற்றலைத் தான் வாங்கிக்கொண்டு மாதிரியைக் காத்தது. 1987இல் அவர் இம்முறையில் புரதங்களின் அயனிகளையே காட்டினார். இதே காலத்தில் ஜெர்மனியின் மைக்கேல் கராஸும் ஃபிரான்ஸ் ஹில்லன்காம்பும், லேசரை உறிஞ்சும் கரிமப் படிகங்களில் மாதிரியைப் பொதிந்துவைக்கும் முறையை வளர்த்தனர். இன்று ஆய்வுக்கூடங்களில் பெரிதும் வழங்குவது அதுவே.

2002இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியை ஃபென்னும் தனாகாவும் பகிர்ந்துகொண்டனர். இரு வழிகளுக்கும் அடிப்படை ஒன்றே: ஆற்றலை மூலக்கூறின்மீது நேராக இறக்காமல், அதைச் சூழ்ந்துள்ள துளியோ தூளோ தாங்கிக்கொள்ளச் செய்வது. நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்த்த பாக்டீரியாவை ஒரு குச்சிமுனையளவு உலோகத் தட்டில் தடவி, சில நிமிடங்களில் அதன் இனத்தை இன்றைய மருத்துவ ஆய்வுக்கூடம் சொல்ல முடிவது இந்த மென்மையின் பயனே. இவ்வாறு எழுப்பப்பட்ட அயனிகளை ஓடவிட்டு நேரத்தால் அளக்கும் குழாயின் வரலாறு அடுத்த பகுதியில் தொடரும்.