பைகேம் நிகழ்வு கையாளுதல்

பைகேம் நிகழ்வு கையாளுதல் என்பது, பைத்தான் நிரலாக்க மொழியில் எழுதப்பட்ட விளையாட்டு அல்லது வரைகலை நிரலொன்று, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் வழியாகப் பயனர் தரும் உள்ளீடுகளைப் பெற்று, அவற்றுக்கேற்பச் செயற்படும் முறையாகும். விசையை அழுத்துதல், விடுதல், சுட்டியை நகர்த்துதல், சாளரத்தை மூடுதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வாகக் கொள்ளப்படுகின்றது.

வரலாறு

பைகேம் ஒரு திறமூல நிரலகம் ஆகும். இதனை உருவாக்கிய பீட் ஷின்னர்ஸ் 2000 ஆம் ஆண்டு அக்டோபரில் முதற் பதிப்பை வெளியிட்டார். சாம் லான்டிங்கா சி மொழியில் எழுதி 1998 இல் வெளியிட்ட எஸ்டிஎல் நிரலகமே இதன் அடிப்படை. 2020 அக்டோபரில் வெளியான பைகேம் 2, எஸ்டிஎல் 2 ஐப் பயன்படுத்துகின்றது.

நிகழ்வு வரிசை

இயங்குதளம் அனுப்பும் நிகழ்வுகள், வந்த ஒழுங்கிலேயே ஒரு வரிசையில் சேர்கின்றன. நிரலின் முதன்மைக் கண்ணி ஒவ்வொரு சுற்றிலும் 'ஈவென்ட் கெட்' என்னும் செயற்கூறை அழைக்கின்றது. அது வரிசையிலுள்ள எல்லா நிகழ்வுகளையும் ஒரு பட்டியலாகத் தந்து, வரிசையை வெறுமையாக்கிவிடும். எனவே விசைகளுக்கு ஒருமுறை, சுட்டிக்கு ஒருமுறை என ஒரே சுற்றில் இருமுறை அழைத்தல் கூடாது. முதல் அழைப்பே சுட்டி நிகழ்வுகளையும் எடுத்துக்கொள்வதால், சொடுக்குகள் காணாமற் போகும். ஒருமுறை பெற்ற பட்டியலை வகைவாரியாகப் பிரிப்பதே சரியான முறை.

வரிசையை நீண்ட நேரம் கவனியாது விட்டால், நிரல் செயலிழந்துவிட்டதாக இயங்குதளம் கருதக்கூடும். நீண்ட கணிப்புகளின் இடையே 'ஈவென்ட் பம்ப்' செயற்கூறை அழைப்பதன் மூலம் இதனைத் தவிர்க்கலாம்.

விசைப்பலகை

விசை அழுத்தப்படும்போது 'கீடவுன்' நிகழ்வும், விடப்படும்போது 'கீஅப்' நிகழ்வும் உண்டாகின்றன. எந்த விசை என்பதும், உடன் அழுத்தப்பட்டிருந்த ஷிப்ட், கன்ட்ரோல் போன்ற விசைகளும் நிகழ்வுடன் கிடைக்கும். இயல்பாக, ஒரு விசையை அழுத்தியபடி வைத்திருந்தாலும் 'கீடவுன்' ஒருமுறை மட்டுமே வரும்.

தொடர்ச்சியான அசைவுக்கு, விசைகளின் அப்போதைய நிலையைத் தரும் 'கெட் பிரஸ்ட்' செயற்கூறு ஏற்றது. ஆயினும் நொடிக்கு 60 முறை சுழலும் கண்ணியில், இரு சோதனைகளுக்கிடையே அழுத்தி விடப்பட்ட விசையை இது அறியாது. நிகழ்வு வரிசையோ அதனையும் பதிவு செய்திருக்கும். ஆகவே விளையாட்டுப் பாத்திரம் நடப்பதற்கு நிலைச் சோதனையும், குதிப்பதற்கு நிகழ்வும் பொருத்தமானவை.

சுட்டி

நகர்வு நிகழ்வு, சுட்டியின் இடத்தையும் முன்னைய இடத்திலிருந்து அது நகர்ந்த அளவையும் தரும். சாளரத்தின் மேல் இடது மூலையே தொடக்கப்புள்ளி. செங்குத்து அளவு கீழ்நோக்கிக் கூடும். பொத்தான்களில் இடது 1, நடு 2, வலது 3 என எண்ணிடப்படுகின்றன. உருளையைச் சுழற்றுவதற்குப் பைகேம் 2 இல் தனி நிகழ்வு உண்டு.

ஒரு பொருளை இழுத்து நகர்த்த மூன்று நிகழ்வுகள் தேவை: பொத்தான் அழுத்தப்பட்டதும் பொருளைத் தெரிவு செய்தல், நகரும்போது இடத்தை மாற்றுதல், பொத்தான் விடப்பட்டதும் தெரிவை நீக்குதல்.

தமிழ் உள்ளீடு

விசை அழுத்தமும் எழுத்தும் ஒன்றல்ல. தமிழ்99 விசைப்பலகையில் ககர விசையையும் ஒகர விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் 'கொ' கிடைக்கின்றது. எனவே பெயர் போன்ற உரைகளைப் பெற, 'கீடவுன்' நிகழ்வுக்குப் பதிலாக, பைகேம் 2 இலுள்ள 'டெக்ஸ்ட் இன்புட்' நிகழ்வைப் பயன்படுத்த வேண்டும். யூனிக்கோடில் 'கொ' என்பது ககரமும் உயிர்க்குறியும் ஆகிய இரு குறிகளாகச் சேமிக்கப்படுகின்றது. ஆகையால் அழிக்கும்போது இறுதிக் குறியை மட்டும் நீக்கினால் 'க' எஞ்சும். முழு எழுத்தையும் அழிக்க விரும்பும் நிரலர், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அவற்றின் முன்னுள்ள மெய்யுடன் சேர்த்தே நீக்குதல் வேண்டும்.