தகுதியற்ற உடல்கள்: பட்டாளத்தின் மருத்துவம் பற்றிச் சில குறிப்புகள்

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையைச் சொல்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அந்தக் கல்வெட்டுகளை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் கொண்டாடுகிறோம். யார் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்றும் அதே கல்வெட்டு நீளமாகப் பட்டியல் போடுகிறது. விலக்கப்பட்ட பாலுறவு கொண்டவர் பிராயச்சித்தம் செய்தாலும் சாகும்வரை அவர் பெயர் குடத்துக்குள் விழாது. எந்த அமைப்பையும் அது யாரை வெளியே நிறுத்துகிறது என்பதிலிருந்தும் வாசிக்கலாம். பட்டாளத்தையும் அப்படி வாசிக்க வேண்டியிருக்கிறது.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் பரங்கிமலை கண்டோன்மென்டில் 19ஆம் நூற்றாண்டில் 'லாக் ஆஸ்பத்திரி' இருந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு மேகநோய் வரக்கூடாது என்பது அதன் நோக்கம். அதற்காகப் பதிவு செய்யப்பட்டதும், பரிசோதிக்கப்பட்டதும், குணமாகும்வரை அடைத்துவைக்கப்பட்டதும் பெண்களின் உடல்கள். யார் நோயாளி, யார் நோய்க்குக் காரணம் என்று பிரித்தது படையின் தேவை. மருத்துவம் கண்காணிப்பாகவும் வேலை செய்யும் என்று ஃபூக்கோவைப் படித்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை; பரங்கிமலையே போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' நடத்தைக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. அடுத்த ஜனவரியிலேயே அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத், இதையெல்லாம் இராணுவத்துக்குள் அனுமதிக்க மாட்டோம் என்றார். படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறுக்க நாடாளுமன்றத்துக்கு அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு இடம் தருகிறது. வாசலுக்கு வெளியே குற்றமில்லாதது உள்ளே குற்றமாகவே இருக்கிறது.

இது உடம்பில் என்ன செய்யும்? படை மருத்துவரும் பதவிச் சின்னம் அணிந்த அதிகாரிதான். தன்பால் ஈர்ப்புள்ள ஒரு ஜவான் தூக்கம் வரலை, மனசு சரியில்லை என்று அவரிடம் போனால், காரணத்தை எப்படிச் சொல்வான்? பால்வினை நோய்ப் பரிசோதனையை எப்படிக் கேட்பான்? வாயைத் திறந்தால் வேலை போகும், மூடினால் நோய் முற்றும்.

சபி கிரியின் கதை எல்லோரும் அறிந்தது. 2010இல் கடற்படையில் சேர்ந்தவர்; 2016இல் விடுப்பில் பாலின மாற்று அறுவை செய்துகொண்டார். திரும்பி வந்தபோது மனநோயாளிகள் வார்டில் மாதக்கணக்கில் வைக்கப்பட்டதாக அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். 2017 அக்டோபரில் 'சேவை இனித் தேவையில்லை' என்று அனுப்பினார்கள். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று (2014) மூன்றாண்டு கழிந்திருந்தது. மாலுமிக்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு சேவை வேண்டும். ஓய்வூதியம் இல்லாதவருக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் எட்டாது.

அமெரிக்காவிலும் இதே சங்கதிதான். இரண்டாம் உலகப் போரில் தன்பால் ஈர்ப்பினர் பலரை நீலத்தாளில் அச்சிட்ட விடுவிப்புச் சான்றோடு அனுப்பினார்கள். அந்தத் தாளின் நிறமே முன்னாள் வீரர்களுக்கான சலுகைகளை மறுக்கக் காரணமானது. 1993இல் வந்த 'கேட்காதே, சொல்லாதே' சட்டம் 2011இல் முடிவதற்குள் 13,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். நலக்குறைவைப் பால்புதுமையினரின் இயல்பு என்று எண்ணுகிறவர்கள் இந்தக் காகிதங்களைப் படிக்க வேண்டும். அதில் பெரும்பங்கு காகிதத்தில் உற்பத்தியானது.

இப்போது கேள்வி நம்ம ஊருக்கே வருகிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலிருந்து ஆளெடுக்கிறார்கள். நான்காண்டு முடிந்ததும் நான்கில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்புவது ஏற்பாடு. அனுப்பப்படுபவருக்கு ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் கிடையாது, அந்த மருத்துவத் திட்டமும் கிடையாது. வைரமேக தடாகக் கரையில் பட்டாளத்துக்குப் போகணும்னு ஓடுகிற பசங்களில் நான்கு வருஷம் தன்னை ஒளித்து வைக்கப்போகிறவன் இருக்கலாம். இருபத்தைந்து வயதுக்குள் அந்தச் சுமையோடு ஊர் திரும்புவான். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டில் அவன் பட்டாளமும் இருக்காது, அவன் பாலும் இருக்காது.

தேசபக்தி பேசுகிற கட்சிகள் இதைப் பேசாது. தோழர்கள் நாம் அக்னிபத்தை வேலைவாய்ப்புப் பிரச்சினையாக மட்டும் எதிர்த்துவிட்டோம். எத்தனை வருஷம் உழைத்தான், என்ன காரணத்தால் வெளியே வந்தான் என்று கேட்காமல் சிகிச்சை தரச் சொல்ல வேண்டும். 46ஆம் பிரிவின் அந்தச் சொற்களை நீக்கச் சொல்ல வேண்டும். பட்டாளத்து மருத்துவரிடம் சொன்னது மேலதிகாரியின் கோப்புக்குப் போகாது என்ற உறுதியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.